பங்குனிக்குள் எடுத்துவிடச் சொன்னார்கள்

இன்று காலை நீ அனுப்பிய மெசேஜை இதுவரை நாலு தடவை படித்துவிட்டேன். "அம்மா, சுகன்யா அம்மா ரெண்டு டைம் குறிச்சி அனுப்பிக்கிறாங்க. புதன்கிழமை ஒன்னு, வெள்ளிக்கிழமை ஒன்னு. நீ ஆஷா வர்க்கரு, உனக்குத் தெரியாததா. நீயே பாத்து ஒன்னு சொல்லிடு. நான் ஷிஃப்டுக்குப் போறேன்." அதோடு ஒரு கும்பிடு பொம்மை. கல்யாணப் பத்திரிகைக்கு கலர் பார்த்துச் சொல் என்பது போலக் கேட்டிருக்கிறாய். கேட்டது உன் பெண்டாட்டி வயிற்றைக் கிழிக்கிற நேரம். என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன், வாசலிலிருந்து திரும்பி வந்து போனைப் பார்த்தேன், பருப்பு அடிப்பிடித்துவிட்டது. உன் நைனா அதையே தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாங்கா மண்டிக்குப் போய்விட்டார். இந்த மனுஷன் ஒன்றும் சொல்லாமல் போனால் என் முகம் எப்படி இருந்தது என்று நீயே தெரிந்துகொள்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாக போட்டோ பிடித்து அனுப்புவேன், ரூமுக்குப் போய்ப் படி. இது ரகசியமும் இல்லை. நம் ஊரில் இந்த வருஷம் அப்பாவாகப் போகிற பையன்கள் ஆறு பேர் என் ரிஜிஸ்டரில் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் நிலைமையைச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கே முழுசாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். வளைகாப்பு முடிந்து சுகன்யா வடமாலபேட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீ சூளூர்பேட்டையில் ரூம் எடுத்துக்கொண்டு தடா பக்கம் கம்பெனிக்குப் போகிறாய். அவளுக்குத் தேதி இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. பிள்ளை தலை கீழே இருக்கிறது, தண்ணீர் சரியாக இருக்கிறது, பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. திருப்பதி டாக்டரம்மா போன வாரம் பார்த்துவிட்டு, வலி வருகிற வரை இருக்கலாம் என்றுதான் சொன்னார். அப்புறம் ஏன் இந்த அவசரம்? அந்த இரண்டரை வாரத்துக்கு நடுவில் சித்திரை பிறந்துவிடுகிறது. தலைச்சன் பிள்ளை, அதுவும் ஆணாக, சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று உன் மாமியாருக்குப் பயம். ஆடியில் உங்கள் இரண்டு பேரையும் பிரித்து வைக்காமல் விட்டது என் தப்பு என்று சுற்றி வளைத்து ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆகவே பங்குனிக்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை செக்கப். அன்றைக்கே டாக்டரம்மாவிடம் நேரத்தைச் சொல்லிவிட வேண்டுமாம். இன்றைக்கு சனிக்கிழமை.

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற இந்த ஆஷா வேலைக்கு நான் வந்து பதினாலு வருஷம். எத்தனை மாமியார்களோடு வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் உன்னை "ஆஷாம்மா மகன்" என்று கூப்பிட்டதற்கு நீ அழுதுகொண்டு வந்திருக்கிறாய். இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை மிரட்டியிருக்கிறேன். பத்து மணி நேரம் வலியில் இருந்தவளை வீட்டிலேயே வைத்திருந்த ஒரு குடும்பத்தைத் தெருவில் நின்று திட்டி வண்டியில் ஏற்றியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் சொன்னவள் என் சொந்தப் பெண்ணுக்கு என்ன செய்தேன் என்பதை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நீ அப்போது ஐ.டி.ஐ. ஹாஸ்டலில் இருந்தாய். "அக்காவுக்கு ஆபரேஷன், பிள்ளை கொஞ்ச நாள் பெட்டியில இருந்துச்சு" என்ற வரைக்கும்தான் உனக்குத் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

உன் அக்கா கோமதிக்கும் இப்படித்தான், எல்லாம் நன்றாக இருந்தது. அவளைச் சித்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் நட்சத்திரம் பார்ப்பார்கள். பிள்ளை ஏதாவது ஏடாகூடமான நட்சத்திரத்தில் பிறந்து, நாளைக்கு அங்கே ஒரு மாடு செத்தாலும் என் பேரன் தலையில் போடுவார்கள் என்று எனக்கு ஒரே பயம். புத்தூரில் ஒரு ஜோசியரிடம் போனேன். அவர் கட்டம் போட்டு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து பத்தேகால் வரைக்கும், ராஜயோகம், விடாதீங்க என்றார். அப்போது கோமதிக்கு முப்பத்தேழாவது வாரம் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அந்த வாரக் கணக்கை நானே என் கையால் அவள் கார்டில் எழுதியிருந்தேன். அந்தக் கையிலேயே ஜோசியரின் சீட்டையும் எடுத்துக்கொண்டு அப்போது அவளைப் பார்த்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன்.

"தொந்தர எந்துக்கம்மா?", என்ன அவசரம் என்று கேட்டார் டாக்டரம்மா. இன்னும் ரெண்டு வாரம் வயிற்றில் இருந்தால் பிள்ளையின் நுரையீரல் நல்லா பலப்படும், காரணம் இல்லாமல் அறுக்க வேண்டாம் என்று தெலுங்கில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்கு அதெல்லாம் தெரியாததா? நானே மீட்டிங்கில் உட்கார்ந்து எழுதிக்கொண்டதுதான். ஆனாலும், "மேடம், வீட்ல பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க" என்று பொய் சொன்னேன். பெரியவங்க என்று யாரும் இல்லை, நான்தான். கோமதி பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையை லேசாக இழுத்தாள். "இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்களேம்மா. இன்னாத்துக்குமா இப்பவே?" என்றாள். "நீ சும்மா இரு, உனக்கு ஒன்னும் தெரியாது" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கை என் முந்தானையை விட்டது எனக்குத் தெரிந்தது, இன்றைக்கும் தெரிகிறது. டாக்டரம்மா வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்டார். பேப்பரை நீட்டினார்கள். அவள் புருஷன், உன் மாமா கையெழுத்துப் போட்டார், அப்புறம் கோமதியிடம் நீட்டினார்கள், அவள் படிக்காமலேயே போட்டாள். பி.காம். படித்த பெண்!

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று கேள். எட்டரைக்கே அவளைத் தயார் செய்து வைத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள், ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா அங்கே ஓடினார். நான் வராந்தாவில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தேகால் தாண்டியது. சாகக் கிடக்கிற ஒரு பெண் என் ராஜயோகத்தைக் கெடுக்க வந்துவிட்டாள் என்று என் மனசு சபித்தது. அதையும் எழுதிவிடுகிறேன், நான் எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெண் பிழைத்தாள். உன் அக்கா பிள்ளை பத்து ஐம்பதுக்குப் பிறந்தது. வெள்ளிக்கிழமை பத்து ஐம்பது, ராகு காலம். பிறந்த பிள்ளை மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது. உடனே தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஆறு நாள். கோமதி தையல் வலியோடு சுவரைப் பிடித்து நடந்து போய் மூன்றாவது நாள்தான் தன் பிள்ளையைப் பார்த்தாள், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து. அந்த ஆறு நாளில் அவள் என்னோடு பேசியது தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், இரண்டுதான். ஜோசியருக்குப் போன் செய்து நேரம் தப்பிவிட்டதைச் சொன்னேன். "அதுவும் ஒன்னும் மோசமில்லம்மா, ஒரு விளக்கு போட்டா சரியாப்பூடும்" என்றார். அவ்வளவுதான் ராஜயோகம்.

பிள்ளை தேறிவிட்டான், இப்போது வாலில்லாத குரங்கு, உனக்கே தெரியும். அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாவது பிரசவத்துக்குக் கோமதி இங்கே வரவில்லை. சித்தூரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பெரியவனுக்கு ஸ்கூல் என்று காரணம் சொன்னாள், நான் நம்பினேன். ஒரு நாள் மத்தியானம் உன் மாமாவிடமிருந்து போன், பொண்ணு பொறந்துட்டா, மூணு மணி நேரமாச்சு என்று. ஊரில் யாருக்கு எப்போது வலி வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். என் மகளுக்கு வலி வந்தது எனக்குத் தெரியாது! பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அழுதேன். போய், "நான் நேரம் பாப்பேன்னு பயந்துட்டியா?" என்று கேட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ நேரம் பாப்பேன்னு பயம் இல்லமா. நீ பக்கத்துல இருந்தா நான் வாய மூடிக்கினு இருந்துடுவேன்னு பயம்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

இப்போது கொஞ்சம் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. நடுவில் உன் மாமியாருக்கும் போன் போட்டேன். நேரத்தை நான் குறித்துத் தர மாட்டேன் சம்பந்தி, சுகன்யாவும் உங்க மாப்பிள்ளையும் டாக்டரம்மாவும் உட்கார்ந்து பேசட்டும் என்றேன். அந்தம்மாவுக்கு வந்ததே கோபம். "உங்க பொண்ணுக்கு மட்டும் நேரம் பாத்து எடுத்தீங்க இல்ல? எங்க பொண்ணுன்னா எப்பிடியாச்சும் பெத்துக்கட்டும்னு உட்டுட்டீங்களா?" என்றார். பதினாலு வருஷத்தில் எந்த மாமியாரும் என்னை இப்படி மடக்கியதில்லை. அப்புறம் கோமதி கதையை முழுசாகச் சொன்னேன், கண்ணாடிப் பெட்டி வரைக்கும். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க அப்பவே சொல்லலியே" என்றார். ஊரில் யாருக்குத்தான் சொன்னேன்?

ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதே. ஆபரேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷன் இல்லாவிட்டால் நீயும் இல்லை, நானும் இல்லை. நீ குறுக்கே கிடந்தாய். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு என்னை வண்டியில் கொண்டுபோனார்கள். கத்தி வைத்துத்தான் இரண்டு பேரையும் காப்பாற்றினார்கள், அந்தக் கைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் வண்டியில் ஏற்றும்போது, இறக்கும்போது, படுக்க வைக்கும்போது, எனக்கு என்ன ஆகிறது என்று என்னிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் நைனாவிடம் பேசினார்கள், உன் பெரியப்பாவிடம் பேசினார்கள். நான் செத்துப்போகப் போகிறேன், அதனால்தான் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பயம் எனக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. பிள்ளை குறுக்கே இருக்கும்மா, அறுத்துத்தான் எடுக்கணும் என்று ஒருத்தர் குனிந்து சொல்லியிருந்தால் போதும்.

அதனால் செவ்வாய்க்கிழமை நீ அங்கே இருந்தால், டாக்டரம்மா எது சொன்னாலும், ஏன் என்று கேள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கடிக்க மாட்டார்கள். இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும், இரண்டு நாள் பொறுத்தால் என்ன ஆகும், வேறு வழி இருக்கிறதா, செய்தால் அவளுக்கு என்ன, பிள்ளைக்கு என்ன என்று கேள். பேப்பரை நீட்டினால் வாங்கி சுகன்யாவிடம் கொடு. அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெலுங்கு படிக்க வரும், நீ எழுத்துக் கூட்டுவதற்குள் பிள்ளைக்கு மொட்டை போடுகிற வயசு வந்துவிடும். வலி எடுத்த பிறகு அவளால் எல்லாவற்றையும் யோசித்துப் பேச முடியாது, அதனால் முன்னாலேயே பேசிவையுங்கள். வலி நடுவில் அவள் மனசு மாறினால் மாறட்டும், "முன்னாடி இப்பிடி சொன்னியே" என்று வக்கீல் மாதிரி நிற்காதே. ஆனால் பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது, உடனே எடுக்க வேண்டும் என்று அவர்கள் ஓடினால், நீயும் கூட ஓடு. அப்போது எனக்குப் போன் செய்து "அம்மா இன்னா பண்றது" என்று கேட்காதே. என்னைக் கேட்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் என்னென்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, நான் ரொம்பத் திருந்தியவள் என்று எனக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணத்தோடு சுகன்யாவுக்குப் போன் போட்டேன். "உனக்கு இன்னாமா தோணுது? யாருக்கும் பயப்படாம சொல்லு" என்றேன். வலி வரட்டும் அத்தை, காத்திருக்கிறேன் என்று சொல்வாள் என்றே நான் நினைத்தேன். அவள் சொன்னது இது: "எனக்கு ஆபரேஷனே பண்ணிக்கலாம்னு இருக்குது அத்தை. எங்க சித்தி பொண்ணு ஒரு நாள் முழுக்க வலி பட்டு, கடசீல ஆபரேஷன்தான் பண்ணாங்க. அத நான் கூடவே இருந்து பாத்தேன். எனக்கு அது முடியாது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைப் பிடித்துக்கொண்டேன். அப்படியெல்லாம் ஆகாது, நீ ஆரோக்கியமான பொண்ணு, தையல் போட்டால் எழுந்து நடக்க எத்தனை நாள், அடுத்த பிரசவத்துக்குக் கஷ்டம் என்று மீட்டிங்கில் எழுதியதையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினேன். எல்லாம் உண்மைதான், ஒன்றும் பொய் இல்லை. அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "நீங்க கேட்டீங்கன்னுதான் அத்தை சொன்னேன்" என்றாள். என் மண்டையில் யாரோ குட்டியது போல இருந்தது. கோமதியிடம் நேரத்தை வைத்துக்கொண்டு செய்ததையே இவளிடம் நல்ல விஷயத்தை வைத்துக்கொண்டு செய்துவிட்டேன். வாயை மூடு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, "தப்பும்மா, நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்றேன்.

அப்புறம் பேசினாள் பார், அந்தப் பெண் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடுவார்களாமே, அந்த ஆஸ்பத்திரியில் அது உண்டா? வலி நேரத்தில் கூட ஒருத்தரை விடுவார்களா? எத்தனை மணி நேரம் பார்ப்பார்கள், எப்போது போதும் என்று முடிவு செய்வார்கள்? அவளாக ஆபரேஷன் கேட்டால் எந்த வாரத்துக்கு மேல் பிள்ளைக்கு நல்லது? போனில் குறித்து வைத்திருக்கிறாளாம், கேட்கத்தான் யாரும் இல்லையாம். செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். "ஆபரேஷனே ஆனாலும் பிள்ளை முழுசா வளந்தப்பறம்தான் அத்தை. சித்திரையா இருந்தா இருந்துட்டுப் போவுது. எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அவள் எதைச் சொன்னாலும் நான் அவள் பக்கம் நிற்பேன். எனக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் நிற்பேன், பல்லைக் கடித்துக்கொண்டாவது.

வைக்கப் போகும்போது, "அத்தை, செவ்வாக்கெழம அவரு வருவாரா?" என்று கேட்டாள். அவ்வளவு கேள்வியும் கணக்காகக் கேட்ட பெண்ணுக்கு, இதைக் கேட்கும்போது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது.

என் வாயில் "வருவான்மா" என்று வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன். "அவனையே கேளும்மா" என்றும் சொல்லவில்லை. உனக்கு லீவு கிடைக்குமா, நீ கேட்பாயா, எனக்குத் தெரியாது. "தெரியலம்மா" என்றேன். அவள் "சரி அத்தை" என்று வைத்துவிட்டாள். இதைப் படிக்கும்போது உனக்கு ஷிஃப்ட் முடிந்திருக்கும். எனக்கு ஒன்றும் பதில் போடாதே, அவளுக்குப் போன் போடு.